நான்காவது படம்

இடிபடவிருந்த தோட்டத்து லயத்து வீட்டின் வாசலில் அம்மாவை நிறுத்தி முதற்படம் எடுத்தேன்; பிறகு மூன்று. அவர் மறைந்த மறுமாதம், பள்ளி விழாவுக்காகக் கேமராவை எடுத்த நான், மெமரி கார்டை ‘பார்மெட்’ செய்துவிட்டேன். விழாவில் மூன்று படங்கள் எடுத்த பின்னரே நினைவு வந்தது. பாவி நான்!

“ஐயா, இனி ஒன்றும் எடுக்காதீர்கள்” என்றான் என் பழைய மாணவன். பொருளடக்கத்தைக் கிழித்தாலும் நூலின் பக்கங்கள் எஞ்சுவதுபோல, புதியவை மேலே பதியும்வரை பழைய படங்கள் அங்கேயே கிடக்குமாம். ‘போட்டோரெக்’ என்னும் இலவச மென்பொருள், ஒவ்வொரு படத்தின் தொடக்கத்திலும் உள்ள குறியைத் தேடித் துழாவியது. பழைய பெயர்கள் மீளவில்லை. வெறும் எண்களோடு படங்கள் வந்தன.

ஆனால், விழாப் படங்கள் கார்டின் தொடக்கத்திலேயே பதிந்திருந்தன. வாசற்படம் உள்ளிட்ட மூன்றும் போயின. நான்காவதில், அம்மா அடுப்படிக்குத் திரும்பி நடக்கிறார்.