கருவூலத்தின் வழியே: ஆப்கானிஸ்தான் மறுகட்டுமானமும் சம்பளப் பட்டியலும்

போரால் சிதைந்த நாட்டுக்கு உதவி மாநாடுகளில் எவ்வளவு தொகை அறிவிக்கப்பட்டது என்று செய்தித்தாள்கள் எழுதும். அத்தொகை யாருடைய கணக்கின் வழியே செலவாயிற்று என்பதுதான் மறுகட்டுமான நிதியைக் கையாள்வோரின் முதல் கேள்வியாக இருக்கும். ஆப்கானிஸ்தானில் அக்கேள்விக்கான விடையாக 2002இல் உருவாக்கப்பட்டதே ஆப்கானிஸ்தான் மறுகட்டுமானப் பொறுப்பு நிதியம். பல நாடுகளின் கொடையை ஒரே கணக்கில் சேர்த்து, உலக வங்கியின் நிர்வாகத்தில், அரசின் வரவு செலவுத் திட்டத்தின் வழியாகவே அதைச் செலவிடச் செய்வது அதன் நோக்கமாக இருந்தது.

அதற்கெனக் கைக்கொள்ளப்பட்ட முறை ஈடுசெய் முறை எனப்படும். அரசு தன் கருவூலத்திலிருந்து முதலில் செலவழித்து, வவுச்சர்களைச் சமர்ப்பித்தது. உலக வங்கி அமர்த்திய கண்காணிப்பு முகவர் அவற்றைச் சரிபார்த்து, விதிகளுக்கு உட்பட்ட செலவை மட்டும் ஏற்க, அந்தத் தொகை நிதியத்திலிருந்து ஈடுசெய்யப்பட்டது. ஏற்கப்படாதது அரசின் தலையில் விழுந்தது. காவல்துறைச் சம்பளத்துக்கு இந்நிதியத்தில் இடமில்லாததால், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் பொறுப்பில் வேறொரு நிதியம் தேவைப்பட்டது.

எழுத்தில் எளிதாகத் தோன்றிய இம்முறையின் கடினம் மாவட்டத்தில்தான் தெரிந்தது. வங்கிக் கிளைகள் இல்லாத இடங்களில், 'மோதமத்' எனப்படும் பிணையம் கொடுத்த பணப்பொறுப்பாளர் மாகாணக் கருவூல அலுவலகத்தில் ரொக்கத்தைப் பெற்றுச் சென்று, ஆசிரியர்களுக்குப் பட்டுவாடா செய்து, கையெழுத்தோ கைநாட்டோ பெற்ற பட்டியலுடன் திரும்பவேண்டியிருந்தது. பட்டியல் திரும்பி வராவிட்டால், சம்பளம் உரியவர் கைக்கே போய்ச் சேர்ந்திருந்தாலும், கணக்கைப் பொறுத்தவரை அச்செலவு ஏற்கப்படவில்லை. இது வெறும் காகிதப் பிடிவாதம் என்று களத்தில் முணுமுணுத்தோர் உண்டு. ஆனால் ஓர் அமைச்சகத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று அரசுக்கே தெரியாத நாட்டில், பணியாளர் கணக்கெடுப்பை அந்தக் காகிதமே ஓசையின்றிச் செய்துவந்தது.

நாணயச் சீர்திருத்தமும் இவ்வாறே உள்நாட்டுக் கருவிகளைக் கொண்டு நடந்தது. 2002 அக்டோபரில் தொடங்கிய மாற்றத்தில் 1,000 பழைய ஆப்கானிக்கு ஒரு புதிய ஆப்கானி தரப்பட்டது. வடக்கில் தனியே அச்சிடப்பட்டுப் புழங்கிய தாள்களுக்கு அதில் பாதி மதிப்பே கிடைத்தது. வங்கிகள் செயலிழந்திருந்த நிலையில், ஹவாலா வணிகர்களின் துணையின்றி இப்பணி சில மாதங்களில் முடிந்திருக்காது.

அரசின் சொந்த வரவு இதைவிடச் சிக்கலானது. ஹெராத் போன்ற எல்லை மாகாணங்களில் வசூலான சுங்கவரி, ஆளுநர்களின் கைகளில் தங்கி, காபூலுக்கு வர மறுத்தது. மறுபுறம், வெளிநாட்டு உதவியின் பெரும்பகுதி அரசுத் திட்டத்துக்கு வெளியே ஒப்பந்தக்காரர்கள் வழியாகவே செலவாயிற்று. அவ்வாறு போடப்பட்ட சாலைக்குத் திறப்பு விழா உண்டு. பராமரிப்புச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதற்கு மட்டும் பதில் இருந்ததில்லை.

2021 ஆகஸ்டில் ஆட்சி மாறியபோது, பொதுச் செலவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வெளிநாட்டுக் கொடையாலேயே நடந்துவந்தது. கொடை நின்றதும் சம்பளமும் தடைபட்டது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியைக் கொண்டு யுனிசெஃப் ஆசிரியர்களுக்கு மாதம் 100 டாலர் மதிப்புள்ள உதவித்தொகையை இரு மாதங்களுக்கு நேரடியாக வழங்கியது. கருவூலம் அப்பாதையில் இடம்பெறவில்லை.