ஆய்வு வேண்டுகோளும் ஆரணித் தறியும்

"தமிழ் படித்தால் என்ன பணிக்குச் செல்லலாம், ஐயா?" என்பது ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் எம்மிடம் கேட்கும் வினா. ஆசிரியப் பணி, இதழியல், மொழிபெயர்ப்பு, அரசுத் தேர்வுகள் என வழக்கமான விடைகளையே யாமும் சொல்லி வந்தோம். மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி வேண்டி எழுதுதல் என்றொரு பணி உண்டு என்பதையும், அதில் மொழியறிவுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதையும் எம் பழைய மாணவி ஒருவர் வாயிலாகவே அறிந்தோம். அவர் கற்பிக்க யாம் கற்ற பாடத்தை இம்மலர் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

அம்மாணவி ஆரணியில் பட்டு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். எம் கல்லூரியில் விலங்கியல் பயின்றவர். பொதுத்தமிழை எம்மிடம் பயின்றவர். மேற்படிப்பை முடித்து, இப்போது மருத்துவ ஆய்வு நிறுவனம் ஒன்றில் ஆய்வு வேண்டுகோள்களை எழுதும் பணியில் உள்ளார். எம் இல்லமும் ஆரணியிலேதான், தறியொலி ஓயாத தெரு ஒன்றில் உள்ளது. யாம் நெசவுக் குடும்பத்தினர் அல்லோம். எம் அத்தா அத்தெருவில் சிறு மளிகைக் கடை வைத்திருந்தார். அவருடைய கடன் ஏட்டில் இருந்த பெயர்களுள் பாதி, தறிக்காரர்களின் பெயர்களே.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாணவி எம் இல்லம் வந்து தம் பணியைப் பற்றிக் கூறியபோது, வட்டாட்சியர் அலுவலக வாயிலில் மரத்தடியில் அமர்ந்து மனு எழுதித் தருவோரே முதலில் எம் நினைவுக்கு வந்தனர். அடுத்து, தமிழாசிரியர்க்கு இயல்பாகவே தோன்றுவதுபோல், ஆற்றுப்படை நூல்கள் நினைவில் எழுந்தன. சீறாப்புராணம் உருவாகத் துணைநின்ற அபுல்காசிம் மரைக்காயரை எண்ணினோம். "புலவர் புரவலரை நாடும் பழைய மரபுதானே இது?" என்றோம். மாணவி புன்னகைத்தார். "அங்கே புகழ்ந்து பாடினால் பரிசில் கிடைக்கும், ஐயா. இங்கே மிகைப்படப் புகழ்ந்தால் வேண்டுகோள் திரும்பி வந்துவிடும்" என்றார்.

மருத்துவத்திற்குப் பொருள் வழங்கும் மரபு மிகப் பழைமையானது. கெய்ரோ நகரில் சுல்தான் கலாவூன் 1284-ஆம் ஆண்டளவில் எழுப்பிய மருத்துவமனை வக்பு வருவாயைக் கொண்டு நடைபெற்றது. எம் ஊருக்கு அண்மையில் உள்ள வேலூரையே எடுத்துக்கொள்வோம். மருத்துவம் பயின்ற ஐடா ஸ்கடர் அம்மையார், பெண்களுக்கென ஒரு மருத்துவமனை கட்டுவதற்காக அமெரிக்காவில் எட்டாயிரம் டாலர் திரட்ட முயன்றார். ஷெல் என்னும் வங்கியாளர் தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலரை ஒருசேர வழங்கினார். அக்கொடையால் 1902-இல் மருத்துவமனை எழுந்தது. இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வளர்ச்சியில் அது ஒரு முதற்படி.

அது நெஞ்சம் நெகிழ்ந்து ஒருவர் வழங்கிய கொடை. இன்றைய ஆய்வு நிதி வேறு வகையினது. இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் என 1911-இல் தோன்றி, 1949-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எனப் பெயர் பெற்ற அமைப்பைப் போன்றவை, துறை வல்லுநர்களைக் கொண்டு வேண்டுகோள்களைச் சீர்தூக்கிப் பார்த்தே நிதி வழங்குகின்றன. இதுவரை அறியப்பட்டது யாது, அறியப்படாதது யாது, அதனை அறியும் வழி யாது, எத்தனை பேரை ஆராய்ந்தால் முடிவு நம்பத்தக்கதாகும், எவ்வளவு காலம், எவ்வளவு செலவு, பங்கேற்போர்க்குத் தீங்கு நேராமற் காப்பது எங்ஙனம் என்னும் வினாக்களுக்கெல்லாம் வேண்டுகோளில் விடை இருத்தல் வேண்டும். செல்வ நாடான அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்களிலேயே, பல ஆண்டுகளாக ஐந்து வேண்டுகோள்களுள் ஏறத்தாழ ஒன்றுக்குத்தான் நிதி கிட்டியுள்ளது.

இவற்றுள் தலையாயது, "அறியப்படாதது யாது?" என்னும் பகுதியே என்றார் மாணவி. அதற்குச் சென்னையையே சான்று காட்டினார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை இணைந்து 1956-இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையத்தை நிறுவின. காசநோயாளர் மாதக்கணக்கில் மருத்துவமனைப் படுக்கையில் ஓய்வு கொள்ள வேண்டும், நல்லுணவு உண்ண வேண்டும் என்பது அக்காலத்து நம்பிக்கை. அத்துணைப் படுக்கைகளுக்கு ஏழை நாடு எங்கே போகும்? "வீட்டிலிருந்தே மருந்து உண்டால் போதாதா?" என்று அந்நிலையத்தார் வினவினர். விடை அவர்களுக்கும் தெரியாது. 193 நோயாளர்களை இரு பிரிவாக்கி ஓராண்டு ஆராய்ந்தனர். இடநெருக்கடி மிக்க எளிய வீடுகளில் வாழ்ந்தவர்களும், மருத்துவமனையில் தங்கியவர்களுக்கு ஏறத்தாழ இணையாகக் குணமடைந்தனர். 1959-இல் வெளியான அம்முடிவு, உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. விடை தெரிந்ததுபோல் அவர்கள் நடித்திருந்தால் அவ்வாய்வே நிகழ்ந்திராது.

இனி, மாணவி எம்மை நாடி வந்த காரணத்திற்கு வருவோம். குழித்தறியில் நெய்வோரின் முதுகுவலி, முழங்கால்வலி பற்றியதோர் ஆய்வுக்கு அவருடைய குழுவினர் வேண்டுகோள் எழுதிக்கொண்டிருந்தனர். தரையில் தோண்டிய குழியில் கால்களை இறக்கி, மிதியை மிதித்தபடியே நாள்முழுதும் குனிந்திருப்போர்க்கு, இருக்கையை மாற்றியமைத்தும் இடையிடையே சில பயிற்சிகள் அளித்தும் பார்த்தால் வலி குறையுமா என்பதே ஆய்வின் வினா. பங்கேற்போர்க்கு ஆய்வைப் பற்றி அவர்தம் மொழியில் எளிமையாக விளக்கி, அதன்பின்னரே இசைவு பெற வேண்டும் என்பது விதி. அவ்விளக்கத் தாளைத் தமிழில் எழுதித் தருமாறு எம்மைக் கேட்டார்.

யாமும் மகிழ்ந்து எழுதினோம். "இவ்வாய்வில் பங்கேற்போர் நெடுநாள் இடர் நீங்கி நலம்பெறுவர்" என்று தொடங்கிய எம் நடையை யாமே மெச்சிக்கொண்டோம். அடுத்த வீட்டில் தறி நெய்யும் பெரியவரிடம் மாணவியின் முன்னிலையில் அதனைப் படித்துக் காட்டினோம். கேட்டு முடித்ததும் அவர் தறியை விட்டு எழுந்தார். எழுவதற்கே தூணைப் பற்ற வேண்டியிருந்தது. "அப்படியானால் என் முதுகுவலி போய்விடும், அப்படித்தானே தம்பி? எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?" என்றார்.

யாம் வாயடைத்து நின்றோம். மாணவியின் முகம் வாடிற்று. "ஐயா, வலி போகுமா என்பது எங்களுக்கே தெரியாது. பாதிப்பேருக்கு முதல் ஆண்டில் புதிய இருக்கையே கிடைக்காது. யாருக்குக் கிடைக்கும் என்பதைக் குலுக்கல் போன்ற முறையில்தான் முடிவு செய்வோம். இந்தத் தாளை நம்பி இவர் கையெழுத்திட்டால், அது நாம் இவரை ஏமாற்றியதாகும்" என்று எம்மிடம் தாழ்ந்த குரலில் கூறினார்.

அன்றிரவே வேறொரு தாள் எழுதினோம். "இதனால் உங்கள் வலி குறையுமா என்று எங்களுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளவே உங்கள் உதவியைக் கேட்கிறோம். உங்களுக்கு விருப்பம் இல்லாவிட்டால் மறுக்கலாம். இடையில் விலகவும் செய்யலாம்." இந்நான்கு தொடர்களை எழுத எமக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. அணிநயம் யாதும் இல்லாமல் எழுதுவது அத்துணை அரிதாக இருந்தது.

மறுநாள் அதனைக் கேட்ட பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "தெரியாது என்று சொல்லிக் கேட்கிறீர்கள். அதனால் நானும் ஒன்று கேட்கிறேன்" என்றார். "முகூர்த்த நாட்களுக்கு முன் இரவு வெகுநேரம் தறியில் இருப்போம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் பாவு போட முடியாது, வேலை குறைந்துவிடும். வலி குறைந்தது இருக்கையாலா, வேலை குறைந்ததாலா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? உங்களிடம் வந்து போகும் நாளில் என் கூலிக்கு யார் பொறுப்பு?"

மாணவி குறிப்பேட்டை எடுத்து எழுதத் தொடங்கினார். ஓராண்டின் எல்லாப் பருவங்களிலும் வலியை அளந்தறிதல் வேண்டும், ஒவ்வொரு நாளும் தறியில் அமர்ந்த நேரத்தைக் குறித்தல் வேண்டும், இழந்த கூலிக்கு ஈடு செலவுத் திட்டத்தில் இடம்பெறல் வேண்டும் என மூன்று திருத்தங்கள் வேண்டுகோளில் சேர்ந்தன. எம் முதல் தாளைக் கேட்டபோது கையெழுத்திட மட்டுமே முன்வந்த பெரியவர், இரண்டாம் தாளைக் கேட்டபோது ஆய்வுக்கே துணையாசிரியர் ஆனார்.

இந்நிகழ்ச்சிக்குப் பின் எம் ஆய்வியல் நிறைஞர் பட்ட ஆய்வேட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தோம். முடிவை முதலிலேயே தீர்மானித்துக்கொண்டு, அதற்கேற்ற சான்றுகளை மட்டும் தேடித் தொகுத்திருந்தோம் என்பது இப்போது வெள்ளிடைமலையாகத் தெரிகின்றது. "இது விளங்கவில்லை" என்று ஓரிடத்திலேனும் எழுதியிருக்கின்றோமா என்று தேடினோம். ஓரிடத்திலும் இல்லை. அந்த ஆய்வேட்டிற்குப் பாராட்டும் கிடைத்தது. எம் மாணவர்க்கும் அவ்வழக்கத்தையே கற்பித்து வந்துள்ளோம் என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கின்றோம்.

அவ்வேண்டுகோள் முதன்முறை ஏற்கப்படவில்லை. ஆராயப்படுவோரின் எண்ணிக்கை போதாது என்று வல்லுநர்கள் குறித்திருந்தனர். மாணவி சோர்ந்துவிடவில்லை. புதிய பாவின் இழைகளைப் பழைய பாவின் முனைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைக்கும் நெசவாளர் குடும்பத்தில் வளர்ந்தவர் அல்லரோ? குறைகளைத் திருத்தி மீண்டும் அனுப்பியுள்ளார். இக்கட்டுரை அச்சேறும் வரையில் விடை வரவில்லை.

மாணவச் செல்வங்களே! அறிவியலும் மொழியும் ஒருங்கே கைவரப்பெற்றோர்க்கு இத்துறையில் இடம் உண்டு, முயன்று பாருங்கள். அப்பணிக்குச் செல்லாவிடினும், நீங்கள் எழுதும் கட்டுரையிலும் ஆய்வேட்டிலும் அறிந்ததை அறிந்ததென்றும் அறியாததை அறியாததென்றும் எழுதுங்கள். எம் அத்தா கடன் ஏட்டில் கணக்கெழுத எம்மைப் பழக்கியபோது, "ஒரு காசு கூட்டாதே, ஒரு காசு குறைக்காதே, இது அமானிதம்" என்பார். பிறர் பொருளை மட்டுமன்றிப் பிறர் நம்பிக்கையையும் பெற்று எழுதும் எழுத்துக்கு அதுவே இலக்கணம் என்பதை நாற்பது வயதைக் கடந்த பின்னரே யாம் உணர்ந்தோம். நீங்கள் இப்போதே உணர்தல் நன்று.

பெரியவர் இன்றும் காலையில் எம்மைக் காணும்போதெல்லாம், "தம்பி, விடை வந்ததா?" என்று கேட்கிறார். "இன்னும் இல்லை" என்கிறோம். அவர் தறிக்குத் திரும்புகிறார்.