கடலுக்கும் மலைக்கும் நடுவே வாசுகி

இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குத் தலைநகர் டென்பசார். நகரின் நடுவே வெண்பவளக் கல்லால் எழுப்பப்பட்ட ஜகத்நாதர் ஆலயத்தில், பத்மாசனம் எனப்படும் ஓங்கிய பீடமே வழிபடப்படுகிறது. அதில் பரம்பொருள் எழுந்தருளுவதாகப் பாலி இந்துக்கள் போற்றுகின்றனர்.

அங்கிருந்து கிழக்கே சுமார் 50 கி.மீ. தொலைவில் உள்ளது பாடாங் பாய் துறைமுகம். லொம்போக் தீவுக்குப் பயணிகளையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் பெரும் படகுகள் இங்கிருந்து புறப்படுகின்றன. டென்பசாரிலிருந்து காரில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். படகைப் பிடிக்கும் அவசரத்தில், வழியிலுள்ள அரிய தலம் ஒன்றைத் தரிசிக்காமலே கடந்துவிடுவோர் பலர்.

கருமணற் கரையில் உப்பு எடுக்கும் குசம்பா கிராமத்தைத் தாண்டியதும் வருகிறது 'கோவா லாவா' என்னும் வௌவால் குகைக் கோயில். சாலையின் ஒருபுறம் கடல். மறுபுறம் ஆயிரக்கணக்கான வௌவால்கள் தொங்கும் குகை. பாற்கடலைக் கடையக் கயிறாக நின்ற வாசுகி இங்கே உறைவதாக ஐதிகம். பாலி மக்கள் 'பசுகி' என்பர். குகை வடக்கே ஆகுங் மலைச் சரிவிலுள்ள பெசாகி பெருங்கோயில் வரை நீள்வதாகவும் நம்பிக்கை உண்டு.

பெற்றோரின் தகனமும் அதன்பின் வரும் சடங்குகளும் நிறைவெய்திய குடும்பத்தினர், தூய்மையுற்ற அவ்வுயிரின் அடையாளத்தை ஏந்தி இங்கு வருகின்றனர். முதலில் கடலை வணங்கி, பின்னர் மலையின் வாயிலாகிய குகையை வணங்குகின்றனர். 'ஞெகாரா குனுங்' என்பது இச்சடங்கின் பெயர். கடலைக் குறிக்கும் அவர்களது 'செகாரா', நம் 'சாகரம்' தான். 'குனுங்' என்பது மலை. இல்லம் திரும்பியதும், மூன்று அறைகள் கொண்ட குடும்பச் சந்நிதியில் முன்னோரைத் தெய்வமாக எழுந்தருளச் செய்கின்றனர். பெற்றோருக்குப் பிள்ளைகள் ஆற்றும் கடன் அத்துடன் நிறைவெய்துகிறது.

தரிசிக்க விரும்புவோர் இடுப்பில் சாரோங் உடுத்தி, கச்சை கட்டிக்கொள்ள வேண்டும். பிரார்த்தனையில் அமர்ந்திருப்போரின் முன்னே குறுக்கிடலாகாது.

மேலும் சில கி.மீ. சென்றால் பாடாங் பாய். துறைமுகத்தின் கிழக்கே குன்றின்மேல் சிலாயுக்தி ஆலயம். 11-ஆம் நூற்றாண்டில் பாலியின் ஆலய முறைகளை வகுத்தவராகப் போற்றப்படும் முனிவர் எம்பு குதுரான் தவமிருந்த இடம் இது என்பர்.

படகு லொம்போக்கை அடைய நான்கைந்து மணி நேரமாகும். தவறவிட்டால் அடுத்த படகு உண்டு. ஆதலால், கோவா லாவாவில் அரைமணி நேரம் நின்று, கடலை ஒருமுறையும் குகையை ஒருமுறையும் வணங்கிச் செல்வதால் இழப்பு ஏதுமில்லை.