பேரன் காத்த பாம்பு முட்டைகள்

பாம்பு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் கம்பைத் தேடும் கைகள் நம்முடையவை. பாம்பின் முட்டைகளை வீட்டினுள் வைத்துக் காத்துக் குஞ்சு பொரிக்கச் செய்தார்கள் என்றால் நம்புவீர்களா, வாசகச் சகோதரிகளே? இங்கிலாந்தில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது அதனை நான் கண்ணாரக் கண்டேன்.

என் 13 வயதுப் பேரன் வளர்த்தது சோளப் பாம்பு. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்டது, நஞ்சற்றது. பிரிட்டனில் அதனை வளர்க்க உரிமம் தேவையில்லை. ஈரப் பாசி நிரப்பிய பெட்டியில் அது 14 முட்டைகளை இட்டு விலகிச் சென்றது. மலைப்பாம்பு தன் முட்டைகளைச் சுற்றி வளைத்துக் காக்கும். சோளப் பாம்போ திரும்பியும் பாராது. எனவே தாயின் பொறுப்பு அச்சிறுவனின் தலைமேல் விழுந்தது.

அம்முட்டைகள் கோழி முட்டைபோல் கடினமான ஓடுடையவை அல்ல. தோல் போன்று மென்மையானவை. ஒன்றோடொன்று ஒட்டியிருந்தவற்றைப் பிரிக்காமல் எடுத்து, ஈரம் தாங்கும் வெர்மிகுலைட் துகள்களில் பாதியளவு புதைத்தான். மேற்புறம் எதுவெனத் தெரியப் பென்சிலால் புள்ளியிட்டான். 28 டிகிரி செல்சியஸ் வெப்பம் மாறாதபடி இன்குபேட்டரில் வைத்தான்.

"நாள்தோறும் புரட்டிவிட வேண்டாமா, அத்தா?" என்று கேட்டேன். அடைக்கோழி முட்டைகளைப் புரட்டிப் புரட்டிக் காப்பதைக் கண்டு வளர்ந்தவள் அல்லவா நான்!

"கூடவே கூடாது, நன்னிமா. புரட்டினால் உள்ளிருக்கும் கரு செத்துவிடலாம்" என்றான்.

கோழிக் கருவோ புரட்டாவிட்டால் ஓட்டோடு ஒட்டிக் கெட்டுப்போகும். பாம்புக் கரு முட்டையின் மேற்புறத்தைப் பற்றிக்கொண்டு அங்கேயே வளரும். ஒன்றுக்கு உயிர் தருவது மற்றொன்றுக்கு உயிர் போக்கும்! ஈரமும் வெப்பமும் சரியாக உள்ளனவா என்று பார்ப்பதன்றி அவனுக்கு வேறு வேலையில்லை. துறுதுறுவென்று திரியும் பிள்ளைக்கு அதுவன்றோ கடினமான வேலை?

ஒரு முட்டை மஞ்சளித்துப் பூஞ்சை பிடித்தது. 58ஆம் நாள், மற்றவற்றுள் சில கீறலுற்றுச் சின்னஞ்சிறு தலைகள் எட்டிப் பார்த்தன. ஒரு குஞ்சு தலையை நீட்டியபடியே ஒன்றரை நாள் வெளிவரவில்லை. அதை இழுத்து எடுத்துவிட அவன் கைகள் துடித்தன. ஆயினும் பொறுத்திருந்தான், எஞ்சிய மஞ்சள்கருவை உடலுக்குள் ஈர்த்துக்கொண்ட பின்னரே குஞ்சு வெளிவரும் என்பதை அவன் அறிவான். மறுநாள் அது தானே ஊர்ந்து வந்தது. ஒரு முட்டை மட்டும் கடைசிவரை திறக்கவேயில்லை. எஞ்சிய 12 குஞ்சுகள் பெட்டிக்குள் நெளிந்துகொண்டிருக்க, அவன் அந்த ஒன்றுக்காக அழுதான். காத்திருந்தவர்க்கெல்லாம் கைகூடிவிடுவதில்லை என்பதையும் பிள்ளை கற்க வேண்டியிருந்தது.

ஏறத்தாழப் பத்து நாட்களில் குஞ்சுகள் முதற்சட்டையை உரித்தன. அதன் பின்னரே இரையளித்தான். அத்தனையையும் வளர்க்க யார் இருக்கிறார்கள் என்று முன்பே விசாரித்து வைத்திருந்தான்.

சகோதரிகளே! இதனைப் படித்துவிட்டு உங்கள் பிள்ளைகள் தோட்டத்து முட்டைகளைத் தேடிப் புறப்பட்டுவிட வேண்டாம். நம் நாட்டுச் சாரையையோ மலைப்பாம்பையோ, அவற்றின் முட்டைகளையோ எடுத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். கொல்லைப்புறத்தில் தோல் போன்ற வெண்ணிற முட்டைகளைக் கண்டால் தொடாதீர்கள், உடைக்காதீர்கள், வனத்துறையினருக்குச் சொல்லியனுப்புங்கள். அங்கும் நம் கைகள் சும்மா இருப்பதே அவற்றுக்கு நாம் செய்யும் உதவி.