சந்தனம் காத்திருக்கும் பப்கா

வாசனைத் திரவியம் பற்றிப் படிக்கத் தொடங்கியவர்கள் முதலில் கற்பது மூன்று அடுக்குகளை. பூசியதும் எழுந்து சற்று நேரத்தில் மறைவது மேல் வாசம். அது விலகியபின் தெரிவது நடு வாசம். மணிக்கணக்கில் தோலோடு தங்குவது அடி வாசம். எலுமிச்சையும் ஆரஞ்சுத் தோலும் மேலே, ரோஜாவும் மல்லிகையும் நடுவே, சந்தனமும் வெட்டிவேரும் அடியில். இந்தப் பாடத்தை அடுப்படியில் பார்க்கலாம் என்று சொல்லி, சென்னையில் அத்தர் கடை வைத்திருக்கும் நண்பர் என்னைக் கன்னோஜுக்கு அழைத்துப்போனார்.

உத்தரப் பிரதேசத்தில் உள்ள கன்னோஜ் ஒருகாலத்தில் ஹர்ஷரின் தலைநகர். இந்த ஊர் வாசனைத் திரவியத்துக்கு 2014இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாங்கள் போனது ரோஜாப் பருவம்.

பட்டறையில் வரிசையாக மண் அடுப்புகள். அவற்றின் மேல் 'டேக்' எனும் செம்புக் கொப்பரைகள். பூவும் நீரும் போட்டு மூடி, மூடியின் விளிம்பைப் பஞ்சு கலந்த களிமண்ணால் பூசிவிடுகிறார்கள். அங்கிருந்து கயிறு சுற்றிய மூங்கில் குழாய் இறங்கி, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும் 'பப்கா' என்ற செம்புக் குடுவைக்குள் நுழைகிறது. அந்தப் பப்காவில் பூ வேகும் முன்பே சந்தன எண்ணெய் ஊற்றப்பட்டிருக்கும். மூக்குக்குக் கடைசியில் எட்டும் அடி வாசம், இங்கே முதலில் வந்து காத்திருக்கிறது.

இதற்குக் காரணம் உண்டு. எலுமிச்சையின் லிமோனீன் மூலக்கூறு எடை 136. சந்தனத்தின் சாண்டலால் 220. இலேசானது சீக்கிரம் பறக்கும், கனமானது தங்கும், தன்னோடு கலந்த மலரின் வாசத்தையும் மெல்லவே விடும்.

அடுப்பைப் பார்த்துக்கொண்ட பெரியவரை எல்லோரும் 'சாச்சா' என்றார்கள். வெப்பமானி எதுவும் இல்லை. தொட்டி நீருக்குள் கைவிட்டுப் பப்காவைத் தடவிப் பார்ப்பார். சூடு கூடினால் நீரை மாற்றச் சொல்வார். குடுவை நிரம்பியதும் ஈரத்துணியால் கொப்பரையைத் துடைத்து ஆவியை அடக்குவார். "தீ கொஞ்சம் மிஞ்சினாலும் பூ கருகின வாடை வந்துடும் பேட்டா" என்றதை நண்பர் மொழிபெயர்த்தார். ஆறியபின் அடியில் நிற்கும் நீரை வடித்து, எண்ணெயை மட்டும் நிறுத்தி, அடுத்த நாள் புதுப் பூ. இப்படி நாள்கணக்கில் தொடர்ந்தால்தான் சந்தனம் ரோஜாவை முழுதாக ஏற்கும்.

மைக்கேல் எட்வர்ட்ஸின் வாசனைச் சக்கரம் மணங்களை மலர், அம்பர், மரம், புத்துணர்வு என நான்கு பெருங்குடும்பங்களாகப் பிரிக்கிறது. ரோஜா அத்தர் மலருக்கும் மரத்துக்கும் நடுவில் நிற்கிறது. பல மூலிகைகளும் மசாலாக்களும் சேரும் 'ஷமாமா' அம்பர் பக்கம் சாயும். சுட்ட களிமண்ணைக் காய்ச்சி எடுக்கும் 'மிட்டி' அத்தர், முதல் மழை நனைத்த மண்ணாக மணக்கிறது. அதை எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது? மழை மணத்தை ஆராய்ந்து 1964இல் 'நேச்சர்' இதழில் எழுதிய ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் பேரும் தாமசும் இந்த அத்தரைக் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

இப்போது பல பப்காக்களில் சந்தனம் இல்லை. மரம் அருகி விலை எட்டாத உயரத்துக்குப் போனதால், திரவப் பாரஃபின் அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது. பாரஃபினுக்கு வாசம் கிடையாது. ரோஜா போனபின் மணிக்கட்டில் வெறும் பிசுபிசுப்புதான் மிஞ்சும். சாச்சாவின் உழைப்பு இரண்டுக்கும் ஒன்றே, தினக்கூலியும் ஒன்றே. கைமாறும் இடங்களிலெல்லாம் விலை ஏறுகிறது. ஏறிய பணத்தில் அடுப்படிக்கு ஒரு பங்கும் வருவதில்லை. எந்த எண்ணெயில் இறக்கியது என்பதைக் குப்பியில் அச்சிட்டால், வாங்குகிறவர் ஏமாறமாட்டார். அசல் சந்தனத்தில் இறக்குகிறவருக்கும் உரிய விலை கிடைக்கும்.

நண்பர் அன்று இரண்டு ரகம் கேட்டார். எண்ணெயின் பெயரைப் பில்லில் எழுதித் தரச் சொன்னார். ஒன்றுக்கு எழுதினார்கள். மற்றதை அவர் வாங்கவில்லை.