மூன்றாமவர்

மூவர் இருக்கும் இடத்தில் ஒருவரை விட்டுவிட்டு இருவர் மட்டும் இரகசியம் பேசுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான இந்த ஹதீஸில் கூறப்படும் காரணத்தைக் கவனியுங்கள்: அது அவரை வருத்தும் என்பதே. வேறு பெரிய குற்றம் எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை.

எங்கள் வாப்பாவின் கடைசி 2 ஆண்டு அலுவலக வாழ்க்கையை இப்படித்தான் நாங்கள் புரிந்துகொண்டோம். புதிய மேலாளர் வந்தபின் அவர்களின் மேசைக்குக் கோப்புகள் வருவது நின்றது. கூட்டம் முடிந்த பிறகே கூட்டம் நடந்தது தெரியவரும். தேநீர் வேளையில் அருகே சென்றால் பேச்சு அடங்கிவிடும். சம்பளம் மட்டும் குறையவில்லை. ஆதலால் உறவினர்கள், "வேலையின்றிச் சம்பளமா, கொடுத்து வைத்தவர்!" என்று சிரித்தார்கள். பிள்ளைகளாகிய நாங்கள் கண்டதோ வேறு. மதியச் சோறு பாதி அப்படியே திரும்பி வந்தது. இரவில் கூடத்தில் நடக்கும் காலடியோசை கேட்டது. உம்மா சாப்பிட அழைக்கச் சற்றுத் தாமதித்தாலும், "இங்கேயும் நான் கணக்கில் இல்லையா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். திட்டியிருந்தால் புகார் எழுதலாம். பேசாமல் இருந்ததை என்னவென்று எழுதுவது?

2003இல் அமெரிக்காவில் நவோமி ஐசன்பெர்கரும் சகாக்களும் ஓர் ஆய்வு நடத்தினர். கணினித் திரையில் மூவர் பந்தெறியும் எளிய விளையாட்டு. சிறிது நேரத்தில் மற்ற இருவரும் தமக்குள்ளேயே பந்தை எறிந்துகொள்வார்கள். அவ்வாறு ஒதுக்கப்பட்டவரின் மூளையில், உடல் வலியோடு தொடர்புடைய ஒரு பகுதி கூடுதலாக இயங்கியது. இத்தனைக்கும் அந்த இருவர் மனிதர்களே அல்லர், கணினி நிரல்தான். பல்லாண்டு கூடவே உண்டு பழகியவர்கள் முகம் திருப்பினால் எப்படியிருக்கும்!

வாப்பாவுக்கு எல்லாரும் ஸப்ரு செய்யச் சொன்னார்கள். சரியான அறிவுரைதான். ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு மட்டுமே அறிவுரை சொல்லும் நம் வழக்கம் எங்களுக்கு உடன்பாடில்லை. பள்ளிவாசலைப் பெருக்கிவந்த பெண்மணி இறந்தபோது, அதைச் சிறிய செய்தியாகக் கருதிய தோழர்கள் நபியவர்களிடம் தெரிவிக்கவில்லை. விசாரித்து அறிந்ததும், தமக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று அவர்களையே கேட்டார்கள். மண்ணறைக்குச் சென்று தொழுதார்கள். நம் கடைகளிலும் நிர்வாகங்களிலும் இப்படிக் கேட்பவர் எத்தனை பேர்?

அந்த அலுவலகத்தில் ஓர் இளைஞர் மட்டும், கணக்கில் ஐயம் வரும்போதெல்லாம் வாப்பாவின் மேசைக்கே வந்து கேட்பார். மேலாளர் பார்த்துக்கொண்டிருந்தாலும் வருவார். அவர் முஸ்லிம் அல்லர். வாப்பா ஓய்வு பெற்றுவிட்டார்கள். பெருநாளன்று அவர் இன்றும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்.