பொதுக் கிணற்றுக்கு வேலி

தேற்றாத்தீவு என்னும் எமது ஊர்ப் பெயரிலே ஒரு மரத்தின் பெயர் ஒலிக்கின்றது. தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் தேய்த்து நீரை ஊற்றி வைத்தால், கலங்கல் அடியில் படிந்து நீர் தெளியும். இவ்வழியை முதலிற் கண்டவர் யாரென ஒருவரும் அறியார். அதற்காகக் கூலி கேட்டவரும் இல்லை. சும்மா கிடைப்பது எதுவும் உடையவரற்றது என்றே நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம்.

சில காலத்துக்கு முன் மாணவன் ஒருவன் கணினி நிரலொன்றைக் கொணர்ந்து காட்டினான். வியந்து பாராட்டினோம். பின்னரே உண்மை தெரிந்தது. அது வேறு சிலர் ஆக்கி, எவரும் எடுத்தாளும்படி திறந்து வைத்த மூலநிரல். தலைப்பிலிருந்த பெயர்களையும் உரிமக் குறிப்பையும் அவன் அழித்திருந்தான். அழைத்து வினவினோம்.

"சேர், சும்மா கொடுத்ததுதானே? இதில் களவு எங்கே?" என்றான்.

அக்கணம் எமக்கு விடை வரவில்லை.

விடை தேடியபோது அமெரிக்க வழக்கொன்று கண்ணிற்பட்டது. இராபர்ட் ஜேக்கப்சன் என்னும் பௌதிகப் பேராசிரியர், மாதிரி இரயில்களை இயக்கும் மென்பொருளைத் தோழர்களுடன் ஆக்கி இலவசமாய் வழங்கினார். வணிகர் ஒருவர் அதன் பகுதிகளை எடுத்து, ஆக்கியோர் பெயரின்றித் தமது சரக்கிற் சேர்த்தார். கீழ் நீதிமன்றம் பேராசிரியருக்குத் தடையுத்தரவு வழங்க மறுத்தது. 2008ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13ஆம் நாள் மேன்முறையீட்டு நீதிமன்றம் அம்முடிவை நீக்கியது. பணம் பெறாது வழங்கினாலும் உரிமத்தின் நிபந்தனைகளுக்குச் சட்டவலு உண்டு என்பதே அதன் கருத்து. எமது நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்குப் பாதுகாப்பு அளிக்கின்றது.

இஃது எங்கோ நடந்த விளையாட்டு இரயில் வழக்கென்று இருந்துவிடலாகாது. 2004 டிசெம்பர் 26இல் கடல்கோள் மட்டக்களப்புக் கரையைச் சூறையாடியதை நாம் மறப்போமா? காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிந்து கொள்ள, இலங்கைக் கணினி வல்லுநர் தொண்டாய்ச் சேர்ந்து 'சகனா' என்னும் மென்பொருளை ஆக்கினர். அதனை உலகுக்கே திறந்து வைத்தனர். 2005இல் பாகிஸ்தானில் நிலநடுக்கம் நேர்ந்தபோதும், 2010இல் ஹெயிட்டி இடிந்தபோதும் அது துணை நின்றது. அதற்கு வேலி இட்டிருந்தால் அத்துயருற்றோர்க்கு அது எட்டியிருக்குமா?

இனி வருங்காலம் இன்னும் சிக்கலானது. திறந்த நிரல்களைக் கற்ற செயற்கை நுண்ணறிவு இயந்திரங்கள், ஆக்கியோர் பெயரை விடுத்து நிரலை மட்டும் தருகின்றன என்று 2022 நவம்பரில் அமெரிக்காவில் வழக்கிடப்பட்டது. ஈவோர் பெயர் அழிந்துகொண்டே போனால், நாளை ஈவதற்கு மனம் யாருக்கு வரும்?

மாணவனை மீண்டும் அழைத்தோம். "தம்பி, பொதுக் கிணற்றில் எவரும் அள்ளலாம். தோண்டியவர் பெயரை அழித்துத் தன் பெயரைப் பொறித்தல் மட்டும் ஆகாது" என்றோம். அவன் தலைகுனிந்து நின்றான். மறுநாள் அவன் கொணர்ந்த நிரலில் பழைய பெயர்கள் யாவும் இருந்தன. இறுதியில், தான் திருத்திய சில வரிகளுக்கு நேரே அவன் பெயரும் இருந்தது. அன்றுதான் அவனை உண்மையாகப் பாராட்டினோம்.